காற்றின் கண்

யெல் தீவில் கண்ணாடி பூட்ட ஒரே ஆள்.
பெயர் ஆஸ்லா இங்க்ஸ்டர்.
நேற்றிரவுப் புயலில்
எதிர்க்கரை ஃபெட்லரில்
கிடியன் மூவாட்டின் சமையலறை
ஒரு கண்ணை இழந்துவிட்டது.

படகுத்துறையில் போன் எடுத்தவன் சொன்னான்:
'பத்தரையிலேருந்து ரெண்டு வரை ஒரு விண்டோ இருக்கு.
அதுக்கப்புறம் நான் பொறுப்பில்ல.'
விண்டோ போட விண்டோ வழியாகப் போகிறேன் என்று
வேனுக்குள் தனக்கே சொல்லிச் சிரித்தாள்.
தனியாக வேலை பார்ப்பவர்களுக்கு
இந்த அளவு நகைச்சுவை போதும்.

அந்தச் சொல்லை ஆயிரம் வருஷம் முன்னே
நீளப் படகுகளில் வடக்கத்தியார் கொண்டுவந்தார்கள்.
விந்தவுகா.
விந்த் காற்று. அவுகா கண்.
கண்ணாடி அறியாத வீடுகள் அவை.
புகை போக, பகல் வர
கூரையிலோ சுவரிலோ ஓர் ஓட்டை.
அதன் வழியே காற்று உள்ளே பார்க்கும்.
மனிதர்கள் வெளியே பார்ப்பது
பிறகு வந்த பழக்கம்.

அதற்கு முன் ஆங்கிலத்தில்
கண்துளை என்றொரு சொல் இருந்தது.
வந்த சொல் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.
துளை மட்டும் எப்படியோ தப்பித்து
மூக்கில் ஒண்டியிருக்கிறது;
நாஸ்ட்ரில் என்கிறார்களே, அதன் வாலில்.

நமக்கும் நடந்ததுதான்.
காலதர் என்றோம்: கால் காற்று, அதர் வழி.
பிறகு ஒரு போர்த்துகீசியக் கப்பல்
சின்னக் கதவு என்று பொருள்படும் ஒன்றை
இறக்கிவிட்டுப் போனது.
அதைத்தான் ஜன்னல் என்று சொல்லி
பஸ்ஸில் ஓரத்து சீட்டுக்கு அடித்துக்கொள்கிறோம்.

கிடியன் கதவைத் திறக்கவில்லை.
ஓட்டை வழியாகவே பேசினான்.
'பலகை அடிச்சாப் போதும்.'
'பலகைக்கு நான் எதுக்கு?' என்று
அவளே கதவைத் தள்ளி உள்ளே வந்தாள்.

மேஜைமேல் பிரிக்காத ஓர் உறை.
அதன் நெஞ்சிலும் ஒரு விண்டோ;
மினுங்கும் தாளுக்குப் பின்னாலிருந்து
அவன் பெயர் எட்டிப் பார்த்தது.
மின்கட்டணம்.
மருமகன் விட்டுப்போன கணினியில்
மூடப்படாத ஏழு விண்டோ.
ஒன்றிலும் காற்று இல்லை.

'ஒரு காலத்துல இதுக்கு வரி' என்றாள்,
பழைய மக்கை உளியால் சுரண்டியபடி.
'வீட்டுக்கு எத்தனைன்னு எண்ணி வாங்கினாங்க.
கட்ட முடியாதவன் செங்கல் வெச்சு அடைச்சான்.'
'புத்திசாலி' என்றான் கிடியன்.

வெகுநேரம் கழித்துத்தான் சொன்னான்.
லீபி அபர்டீன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.
நேற்று இது உடைந்த அரைமணிக்குள் போன்.
'ஒரு விண்டோ இருக்குன்னு டாக்டர் சொல்றார், கிடியன்.
ஆறு வாரம். அதுக்குள்ள நெஞ்சைத் திறந்தாகணும்.'
இவன் காலடியில் சில்லு, நெற்றியில் மழை.
'இங்கே இல்லையே' என்று சிரித்துவிட்டான்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
நாற்பது வருஷமாக
அவனுடைய மோசமான ஜோக்குகளுக்கெல்லாம்
சிரித்தவள்.

ஆஸ்லா அளவெடுத்தாள்.
எழுபத்தொன்றுக்கு நாற்பத்தெட்டு.
ஆறுதல் சொல்லத் தெரியாது அவளுக்கு.
தகட்டைச் சட்டத்தில் உட்காரவைத்து
சுற்றிலும் மக்கைப் பெருவிரலால் இழுத்தாள்.
மணி ஒன்று நாற்பது.
கடல் அந்தப் பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

'வேன்ல இடமிருக்கு.
ரெண்டு மணிப் படகு.'
'வீடு?'
'கண்ணு வந்தாச்சு. தன்னைத் தானே பாத்துக்கும்.
அந்த மக்கைத் தொடாம இருந்தாச் சரி,
நீ இங்கே இருந்தாத்தான் தொடுவே.'

தொப்பியை எடுத்தான்.
வாசல்வரை வந்தவன் திரும்பிப் போய்
அலமாரியில் துழாவினான்.
லீபி மறந்துவிட்டுப் போன கண்ணாடி.
படிக்கிற கண்ணாடி.
மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

துறையில் படகு இன்ஜினை அணைக்காமல் நின்றது.
வேனுக்குள் ஏறியதும்
கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
'அது இறங்காது' என்றாள் ஆஸ்லா.
'மூணு வருஷமா இறங்காது.
பாக்க நேரமில்ல.'